துர்கானா பள்ளிக்கு மூணு லட்சம்: நோட்டுப் புத்தகமா, போர்வெல்லா, டேப்லெட்டா?

கொளத்தூர்_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். பெரம்பூர்ல ஒரு எய்டட் ஸ்கூல்ல ஒண்ணா படிச்ச செட் நாங்க. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி பணம் சேர்த்து ஏதாவது ஒரு பள்ளிக்குச் செய்யறது வழக்கம். இதுவரைக்கும் எல்லாம் இங்கயே: பெஞ்ச், ஃபேன், கழிப்பறைக்கு டைல்ஸ்.

எங்க செட்ல ஒருத்தன் நைரோபில வேலை பாக்குறான். கம்பெனி வேலையா கென்யாவோட வடமேற்கு மூலைக்கு, துர்கானா பக்கம் போயிருக்கான். அங்க ககுமா அகதி முகாமுக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம். தெற்கு சூடான், சோமாலியா, காங்கோன்னு எங்கெங்கேயோ இருந்து வந்த பிள்ளைங்களும் உள்ளூர் துர்கானா பிள்ளைங்களும் சேர்ந்து படிக்கிறாங்களாம். ஒரு வகுப்புல நூறு பேருக்கு மேல. அவன் அனுப்பின வீடியோவைப் பார்த்துட்டு வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரே ரகளை.

கையில மூணு லட்சம் சொச்சம் இருக்கு. ஒரு கட்சி, நோட்டு, பை, யூனிஃபார்ம் துணி எல்லாம் சௌகார்பேட்டைல மொத்தமா வாங்கி கப்பல்ல அனுப்பலாம்னு சொல்லுது. இன்னொரு கட்சி தண்ணிக்கு போர் போட்டுக் கொடுக்கலாம்ங்குது. சின்னவங்க டேப்லெட்டுங்குறாங்க. நாலாவதா ஒருத்தர், "கும்மிடிப்பூண்டில நம்ம இலங்கை அகதிங்க இருக்கும்போது ஆப்பிரிக்கா எதுக்கு?"ன்னு கேட்டுட்டு குரூப்பை விட்டே போயிட்டார். ஒருத்தர் தன் கம்பெனி சிஎஸ்ஆர்ல (சமூகப் பொறுப்பு நிதி) இன்னொரு மூணு லட்சம் வாங்கித் தரேன்னு சொல்றார்.

இந்த மாதிரி வேலையில நேரடியா இருந்தவங்க யாராவது சொல்லுங்களேன்.

மயிலை_ஆடிட்டர்

பண விஷயம் மட்டும் சொல்றேன்.

சிஎஸ்ஆரை மறந்துடுங்க. இந்தியாவுக்கு வெளியே செய்யற வேலையை கம்பெனி சட்டத்துல சிஎஸ்ஆர் கணக்கா எடுத்துக்க மாட்டாங்க. அந்த நண்பர் நல்ல மனசோட சொல்றார், ஆனா அவங்க ஃபைனான்ஸ் டிபார்ட்மென்ட்லயே மடக்கிடுவாங்க. அந்தப் பணத்தை கும்மிடிப்பூண்டிக்குத் திருப்பச் சொல்லுங்க, குரூப்பை விட்டுப் போனவரும் திரும்பி வருவார்.

தனி ஆள் வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்பலாம். ரிசர்வ் வங்கியோட எல்ஆர்எஸ் திட்டத்துல ஒரு நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரைக்கும் வழி இருக்கு, உங்க தொகை அதுல தூசு. பான் கார்டும் ஏ2 படிவமும் வேணும். எல்லார் பணத்தையும் ஒருத்தர் அக்கவுண்ட்ல போட்டு அனுப்பாதீங்க, அவங்கவங்க அனுப்பறதுதான் பின்னாடி கேள்வி வராம இருக்கும். நேரா வெளிநாட்டுக்குப் போற பணத்துக்கு 80ஜி வரிச் சலுகை கிடைக்காது, அதையும் முன்னாடியே சொல்லிடுங்க.

ராம்நாட்டு_அடிபம்பு

டீச்சரம்மா, நான் குடிநீர் வடிகால் வாரியத்துல இருந்தவன். அப்புறம் ஒரு தொண்டு நிறுவனம் மூலமா துர்கானாலயும் தண்ணி வேலை பாத்தேன். இப்ப வில்லிவாக்கத்துல பேரனை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறதுதான் வேலை. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

ராம்நாட்டுக்காரன் அங்க போய் இறங்கினா அந்நியமாவே தெரியாது. வெயில் அதே வெயில், கண்ணுக்கெட்டின தூரம் சீமைக்கருவேலம். நிஜமாத்தான். நம்மூர்ல வரட்சிக்குன்னு கொண்டுவந்து விட்ட அதே மரத்தை அங்கயும் பாலைவனத்தைப் பசுமையாக்கறோம்னு நட்டாங்க. கென்யால அதுக்குப் பேர் மத்தெங்கே. பரிங்கோ பக்கத்து ஜனங்க, இதோட காயைத் தின்னு ஆட்டுக்குப் பல்லே கொட்டிப்போச்சுன்னு வழக்குப் போட்டு, பல்லில்லாத ஆட்டையே கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. மேலே இருந்து வர்ற உதவி எப்படியெல்லாம் முடியும்னு யாராவது கேட்டா நான் இந்த ஆட்டுக் கதையைத்தான் சொல்வேன்.

சரி, உங்க மூணு யோசனைக்கு வரேன்.

நோட்டு, பை: வேண்டவே வேண்டாம். மொம்பாசா துறைமுகத்துலேர்ந்து ககுமா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. சுங்கம், லாரி வாடகை, கை மாறற செலவு எல்லாம் சேர்த்தா சௌகார்பேட்டைல மிச்சம் பிடிச்சது போக கைக்காசும் போகும். அதே நோட்டு அங்க கிட்டாலேலயும் லோட்வார்லயும் கடைல கிடைக்குது. அங்கயே வாங்கினா அந்தக் கடைக்காரனும் பிழைப்பான். இன்னொண்ணு, கென்யால 2017லேர்ந்து பிளாஸ்டிக் கவருக்குத் தடை. நம்மாளுங்க ஒவ்வொரு செட்டையும் பளபளன்னு கவர்ல போட்டுக் கட்டி அனுப்புவாங்க, அது அங்க குத்தம்.

டேப்லெட்: அங்க பாடத்திட்டம் கென்யாவோடது, இங்கிலீஷும் சுவாஹிலியும். டேப்லெட் வகுப்பெல்லாம் பெரிய பெரிய அமைப்புங்க 2013லேர்ந்தே அந்த நாட்டு முகாம்கள்ல நடத்துது. உங்க பத்து டேப்லெட் ஹெட்மாஸ்டர் பீரோக்குள்ள பூட்டித்தான் இருக்கும்.

போர்: இதுலதான் எனக்குப் பேச நிறைய இருக்கு.

நிவாரண வேலை செய்யறவங்க ஸ்ஃபியர்னு ஒரு அளவுகோல் வெச்சிருக்காங்க. ஆளுக்கு நாளைக்குக் குறைஞ்சது 15 லிட்டர். பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்குக் குடிக்கவும் கை கழுவவும் 3 லிட்டர். ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல கூடாது. பொண்ணுங்க 30 பேருக்கு ஒரு கழிப்பறை, பையன்க 60 பேருக்கு ஒண்ணு. ஆயிரத்து ஐநூறு பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்னு வைங்க, தினம் 4,500 லிட்டர். மெட்ரோ வாட்டர் பெரிய லாரில பாதி. கேக்கறதுக்குக் கொஞ்சம்தான். அங்க அந்தப் பாதி லாரி எங்கேயிருந்து வரும்னு பாருங்க.

மழை வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான். ஆறுன்னு பேருக்கு இருக்கும், மணல்தான் ஓடும். ஜனங்க ஆத்து மணலைத் தோண்டி ஊத்து எடுப்பாங்க, நம்ம வைகைல பாலாத்துல தோண்டற மாதிரியே. கோடை ஏற ஏற குழி ஆழமாகும். ஆள் உயரத்துக்கு மேல போனதும் உள்ளே ஒரு பொண்ணு இறங்கி நிப்பா, கொட்டாங்கச்சி அளவு ஒரு குவளையால மொண்டு மேல நீட்டுவா, மேல இருக்கிறவ மஞ்சள் கேன்ல ஊத்துவா. அது இருபது லிட்டர் கேன், ரேஷன் எண்ணெய் வந்து காலியானது. கேன் நிறையறதுக்குள்ள முதல் பீரியட் முடிஞ்சிடும். அட்டெண்டன்ஸ்ல பொண்ணுங்க பேருக்கு நேரா ஆப்சென்ட் விழுதுன்னா முதல்ல இதைத்தான் நான் பாப்பேன்.

அப்ப போர்தானே நல்லதுன்னு கேப்பீங்க. போர் போடறது சுலபம். மூணு லட்சத்துல ஒரு முழு போர் வராது, வந்தாலும் சொல்றேன் கேளுங்க. இந்தியா மார்க் 2 அடிபம்பு உங்களுக்கே தெரியும், நம்ம தெருவுல எல்லாம் இருந்ததுதான். சோலாப்பூர் பம்பைத் திருத்தி, 1970கள்ல யுனிசெஃப், மத்திய அரசு, சென்னைல இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலை எல்லாம் சேர்ந்து உருவாக்கினது, கோயம்புத்தூர் பக்கத்துல வெச்சுப் பரிசோதிச்சது. இன்னிக்கு ஆப்பிரிக்கால எங்க போனாலும் அது நிக்குது. அதுல சிலிண்டருக்குள்ள ஒரு வாஷர் இருக்கும், கிண்ணம் மாதிரி, உள்ளங்கைல அடங்கிடும். ரெண்டு டீ ஒரு பன்னு காசுதான் விலை. அது தேஞ்சா கைப்பிடி லொடலொடன்னு ஆடும், தண்ணி ஏறாது. அதை மாத்தணும்னா மூணு மீட்டர் மூணு மீட்டரா இருக்கிற இரும்புப் பைப்பை ஒவ்வொண்ணாத் தூக்கிக் கழட்டி வெளிய எடுக்கணும். தெரிஞ்ச ஆளு வேணும், அதுக்குண்டான ஸ்பேனர் வேணும், பிடிக்க நாலு பேர் வேணும். இது இல்லாமத்தான் பம்பு சாகுது. கொடுத்தவங்க பேரோட கல்வெட்டு பளிச்சுனு இருக்கும், பின்னாடி கைப்பிடியில்லாத பம்பு. அப்படி நிறைய பார்த்தாச்சு. இப்ப சோலார் பம்புதான் அதிகம், கதை அதேதான், வாஷருக்குப் பதிலா கன்ட்ரோலர் போகும்.

தண்ணி வந்தாலும் குடிக்கலாமான்னு ஒரு கேள்வி இருக்கு. துர்கானால நிறைய இடத்துல ஃப்ளூரைடு. உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் எல்லைங்குது. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிள்ளைங்களோட கறை பிடிச்ச பல்லைப் பாத்தவங்களுக்கு விளக்கவே வேண்டாம். சில இடத்துல உப்பு. 2013ல லோட்டிகிபி பள்ளத்தாக்குல பூமிக்கடியில பெரிய ஏரியே இருக்குன்னு உலகம் பூரா தலைப்புச் செய்தி போட்டாங்க. அப்புறம் தோண்டிப் பாத்தா வாயில வைக்க முடியாத உப்பு. அதை எத்தனை பேர் தலைப்புச் செய்தியாப் போட்டாங்க?

என் கருத்து ஒண்ணே ஒண்ணுதான். புதுசா எதையும் நடாதீங்க. அந்த ஸ்கூலுக்குப் பக்கத்துல ஏற்கெனவே ஒரு பம்பு நிச்சயம் இருக்கும். அதைப் பாத்துக்கிற ஆளுக்கு மாசச் சம்பளம், ஒரு செட் ஸ்பேர், வருஷத்துக்கொரு தண்ணிப் பரிசோதனை, இதுக்கு உங்க மூணு லட்சத்தை ரெண்டு மூணு வருஷமாப் பிரிச்சுக் கொடுங்க. ரிப்பன் வெட்ட முடியாது, போட்டோ வராது. ஆனா தண்ணி வரும்.

தாம்பரம்_தம்பி

அண்ணே, ராம்நாட்டுலயே குடம் தூக்கிட்டு அலையறாங்க. நீங்க துர்கானா கதை சொல்றீங்க.

ராம்நாட்டு_அடிபம்பு

தம்பி, அலையறவங்கள்ல என் அக்காவும் ஒருத்தி. அதுக்கும் கொடுக்கறேன், எங்க எவ்வளவுன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. டீச்சரம்மா கேட்டது வேற கேள்வி.

முகாம்_பொண்ணு

நான் கும்மிடிப்பூண்டி முகாம்ல பிறந்தவள். தாத்தா ஆச்சி 1990ல மன்னார்லேர்ந்து வந்தாங்க. இப்ப கிண்டில வேலை. எங்க பேரைச் சொல்லித்தான் குரூப்ல ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கார்ங்கறதால எழுதறேன்.

எங்களைக் காட்டி அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம்னு சொல்லாதீங்க, ப்ளீஸ். நாங்க அரசாங்கப் பள்ளியில படிச்சோம். சத்துணவு, சைக்கிள், புத்தகம் எல்லாம் மத்த பிள்ளைகளுக்குப் போலவே எங்களுக்கும் கிடைச்சது. 2021ல முகாமுக்கு மறுவாழ்வு முகாம்னு பேர் மாத்தி, 317 கோடிக்குத் திட்டம் போட்டு, வீடு கட்ட ஆரம்பிச்சாங்க. எங்க பிரச்சினை படிப்புக்கு அப்புறம்தான். குடியுரிமை இல்லாம அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, பாஸ்போர்ட் இல்ல. அதை உங்க மூணு லட்சம் தீர்க்காது.

வாங்கற பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். நோட்டு கொடுக்க வர்றவங்க எங்களை வரிசையா நிக்க வெச்சு, கொடுக்கறவரும் வாங்கற பிள்ளையும் சேர்ந்து நோட்டைப் பிடிச்சுக்கிட்டு கேமராவைப் பாக்கணும். போட்டோ சரியா வரலைன்னா திருப்பி வாங்கிட்டு மறுபடி கொடுப்பாங்க. எனக்குப் படிப்பு வந்தது சாயங்காலம் முகாமுக்குள்ளேயே பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு அக்காவால. அவங்களும் அகதிதான். 1984லேர்ந்து எங்க ஆட்களே சென்னைல நடத்தற ஒஃபர்ங்கிற (OfERR) அகதிகள் மறுவாழ்வு அமைப்பு மாதிரி இடங்கள்ல இருந்து அவங்களுக்குக் கொஞ்சம் பணம் வரும். அது நின்ன மாசங்கள்ல டியூஷனும் நின்னுடும், அக்கா கம்பெனி வேலைக்குப் போயிடுவாங்க.

ஐயா தண்ணின்னு சொல்றது சரிதான், ஆனா வாத்தியாரை விட்டுட்டார். ககுமாலயும் பாடம் எடுக்கறவங்கள்ல நிறைய பேர் அகதிங்கதானே? அவங்களுக்கு என்ன சம்பளம்னு விசாரிங்க. பொண்ணுங்க கழிப்பறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கான்னும் கேளுங்க. எண்ணிக்கை சரியா இருந்து தாழ்ப்பாள் இல்லாட்டி யாரும் போகமாட்டாங்க.

ராம்நாட்டு_அடிபம்பு

பொண்ணு சொல்றது நியாயம். ஆமாம்மா, அங்க அகதி வாத்தியாருக்குச் சம்பளம்னு சொல்லமாட்டாங்க, 'இன்சென்டிவ்'னு ஒண்ணு. பக்கத்து வகுப்புல அதே பாடம் எடுக்கற கென்யாக்காரருக்கு வர்றதுல சின்ன பங்குதான். வேற வேலை கிடைச்சா போயிடுவாங்க, யார் குத்தம்?

இதுல ஒரு எச்சரிக்கை. ஒருத்தருக்கு மட்டும் தனியாப் பணம் கொடுத்தா ஸ்டாஃப் ரூம்ல சண்டைதான். அந்தப் பள்ளியை நடத்தற அமைப்பு மூலமா எல்லாருக்கும் சேர்த்துக் கொடுங்க.

கொளத்தூர்_டீச்சர்

நான் இத்தனை பதில் எதிர்பார்க்கவே இல்ல. தாழ்ப்பாள் விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது, ஏன்னா நாங்க டைல்ஸ் போட்டுக் கொடுத்த ஸ்கூல்லயும் அதே கதைதான்.

ஐயா, ரெண்டு சந்தேகம். நைரோபி நண்பனை என்னென்ன கேட்டுவரச் சொல்லணும்? சாப்பாட்டுக்குக் கொடுக்கலாம்னு குரூப்ல இப்ப புதுசா ஒரு பேச்சு கிளம்பியிருக்கு. அது சரியா?

ராம்நாட்டு_அடிபம்பு

சாப்பாடு ரொம்ப முக்கியம்மா. 1956ல காமராஜர், 1982ல எம்ஜிஆர், 2022ல காலை உணவு, இதையெல்லாம் பார்த்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அங்க உஜின்னு ஒரு கஞ்சி ஊத்துவாங்க, அது நின்னா வகுப்பு காலியாயிடும். ஆனா சாப்பாடு மூணு லட்சத்துல அடங்கற விஷயமில்ல. உலக உணவுத் திட்டத்துக்கே பணம் வத்தி, முகாம் ரேஷனையே வெட்டிட்டு இருக்காங்க. நீங்க ஒரு டெர்ம் கொடுத்துட்டு நிறுத்தினா பிள்ளைங்களுக்குத்தான் ஏமாத்தம்.

நண்பனை ஹெட்மாஸ்டர் ரூம்ல உக்கார வேண்டாம்னு சொல்லுங்க. நேரா பம்புகிட்ட போகட்டும். கைப்பிடியை அவனே அடிச்சுப் பாக்கட்டும், எத்தனாவது அடில தண்ணி வருதுன்னு. அதைக் கடைசியா ரிப்பேர் பண்ணினது யாரு, அவருக்குக் காசு கொடுத்தது யாருன்னு வரிசையில நிக்கிற பொம்பளைங்களைக் கேக்கட்டும். அங்க பதில் வேற மாதிரி வரும். கடைசியாத் தண்ணிப் பரிசோதனை பண்ணின பேப்பர் இருந்தா ஒரு போட்டோ. உள்ளூர் துர்கானா ஜனங்களும் அதே பம்புல பிடிக்கிறாங்களா, பூட்டு போட்டிருக்கான்னு கவனிக்கச் சொல்லுங்க. அகதிங்களுக்கு மட்டும்னு பூட்டின பம்பு ரொம்ப நாள் நிக்காது. உள்ளூர்க்காரங்களும் அதே வெயில்லதான் இருக்காங்க, ரேஷன் கார்டு இல்லாம. அதனாலதான் பக்கத்துல கலோபெயேயி குடியிருப்பைத் தொடங்கினப்பவே ரெண்டு பேருக்கும் பொதுவா ஸ்கூல், ஆஸ்பத்திரின்னு யோசிச்சாங்க.

பம்பு மாடலை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, மார்க் 2வா, ஆஃப்ரிடெவ்வான்னு பாத்துட்டு ஸ்பேர் லிஸ்ட் நான் எழுதித் தரேன்.

மயிலை_ஆடிட்டர்

லிஸ்ட் போட்டாலும் ஸ்பேரை அங்கயே வாங்கச் சொல்லுங்க. பாரிமுனைல வாங்கி சூட்கேஸ்ல அனுப்பற ஐடியா யாருக்காவது வந்தா என்கிட்ட கேக்காதீங்க.