சத்யம் ராஜு லெட்டர் எழுதினதுக்கு மாலை போடணுமா?

கோவைக்காரன்: இன்னொரு இழையில ஒரு மகான் எழுதியிருக்கார், சத்யம் ஐடி கம்பெனி தலைவரா இருந்த ராமலிங்க ராஜு தப்பு பண்ணாலும் தானே ஒத்துக்கிட்டாராம், அந்த நேர்மை இப்ப எந்த மேனேஜருக்கு இருக்காம். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துது. இல்லாத 5,040 கோடிய பேங்க்ல இருக்கறதா கணக்குல காட்டினவருக்கு சர்டிபிகேட்!

கடைசி பெஞ்ச்: அந்த மகான் நான்தான், நேரா பேர் சொல்லியே திட்டலாம். பங்குச்சந்தைய கண்காணிக்கற செபி பிடிச்சுதா? ஆடிட்டர் பிடிச்சாரா? 2009 ஜனவரி 7, தப்ப ஒத்துக்கிட்டு அவரே லெட்டர் எழுதினார். அவ்ளோதான் நான் சொன்னது.

கோவைக்காரன்: எப்ப எழுதினார்னு சொல்ல மாட்டேங்கறீங்களே சார். அதுக்கு முந்தின மாசம், 2008 டிசம்பர் 16, தன் பசங்களோட மேடாஸ் கம்பெனிங்கள சத்யம் காசுல 160 கோடி டாலருக்கு வாங்கி கணக்குல இருந்த ஓட்டைய அடைக்கப் பாத்தார், பங்குதாரங்க கத்தின கத்துல அன்னிக்கே வாபஸ், அப்புறம் அடகு வெச்ச பங்கையும் கடன் குடுத்தவங்க வித்துட்டாங்க, எல்லாப் பக்கமும் மாட்டிக்கிட்டுதான் எழுதினார். மேடாஸ்தான் கடைசி முயற்சின்னு அந்த லெட்டர்லயே இருக்கு. படிச்சீங்களா இல்லையா?

கடைசி பெஞ்ச்: எழுதினாரா இல்லையா?

ஆடிட்அக்கா: ஒரு நிமிஷம். டெபாசிட் இருக்கான்னு ஆடிட்டர் பேங்க்கிட்ட நேரா கேட்டு பதில் வாங்கணும். சத்யத்துல கம்பெனி கையில குடுத்த பேப்பரையே நம்பினாங்க. இல்லாத டெபாசிட்டுக்கு 376 கோடி வட்டி வேற! இத விட்டுட்டு லெட்டர் லெட்டர்னு…

கோவைக்காரன்: மேடம் உங்க ஆளுங்க மேலயும் 2015ல தீர்ப்பு வந்துது, ராஜுவோட சேத்து ரெண்டு ஆடிட்டருக்கும் ஏழு வருஷம். கொஞ்சம் அடக்கமா பேசுங்க.

ஆடிட்அக்கா: "உங்க ஆளுங்க"ளா? போன மாசம் சீட்டு கம்பெனி இழையில எங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட கடுப்பு இன்னும் போகல போல.

ராயபுரம்ரவி: பெரிய தலைங்கள விடுங்கப்பா. எங்க பழைய ஆபீஸ்ல மேனேஜர் சும்மா உக்காந்திருந்த பசங்கள கிளையண்ட் பில்லுல ஏத்தச் சொன்னார், டைம்ஷீட்ல எங்களையே எட்டு மணி நேரம் போட வெச்சார், மாட்டினப்ப "டீம் தப்பு பண்ணிடுச்சு"ன்னு மெயில். அந்தாளுக்கு ராஜு எவ்வளவோ மேல்.

கடைசி பெஞ்ச்: அப்படிச் சொல்லுங்க ரவி! 108 ஆம்புலன்ஸ ஆரம்பிச்சதும் ராஜுதான், 2005ல.

கோவைக்காரன்: வந்துட்டார்யா 108ஓட! அதுல பெரும்பங்கு அரசாங்கத்து காசு. ஆம்புலன்ஸ் விட்டா ஏழாயிரத்துக்கு மேல பொய் இன்வாய்ஸ் போடலாமா? லாபம் 24 சதவீதம்னு சொன்னது நெஜத்துல 3 சதவீதம். 2008ல நல்ல நிர்வாகத்துக்கு அவார்டு வேற வாங்கி, பின்னாடி பறிச்சாங்க. ரவி, உங்க மேனேஜர் எங்க கத்துக்கிட்டார்னு இப்ப புரியுதா?

ராயபுரம்ரவி: எங்க மேனேஜருக்கு கோயம்புத்தூர்தாங்க :)

கோவைக்காரன்: ஊர இழுக்காதீங்க, சொல்லிட்டேன். ஊர இழுத்தா நான் சும்மா இருக்க மாட்டேன்.

கடைசி பெஞ்ச்: ஆனா லெட்டர் எழுதினார்ல?

கோவைக்காரன்: யோவ்!! மாட்டினப்புறம் எழுதினார்யா!! மேல இருந்து மறுபடி படி.

ஆடிட்அக்கா: மரியாதை, மரியாதை. அட்மின் எங்கப்பா?