புதுப்பிப்பு: அம்மாவோட இலங்கை போய்ட்டு கோத்தகிரி வந்தாச்சு

அம்மாவ அவங்க பொறந்த ஹட்டன் லயத்துக்கு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களோட வரிசை வீடு) கூட்டிட்டு போறேன், ஜூலைல அப்படியே கடல்ல இறங்கலாமான்னு இங்க கேட்டிருந்தேன்ல, போன வாரம் திரும்பிட்டோம். (1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல தோட்டத் தமிழர்கள்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்பினாங்களே, அதுல இங்க வந்த குடும்பம் எங்களது.)

தென்மேற்கு கரையில இருக்குற ஹிக்கடுவ பீச் வேண்டாம்னு இங்க ஒரு அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு பருவக்காத்து, அந்தக் கரையில கடல் ரொம்ப மோசம். நாம மலைக்காரங்க, அலை பழக்கமில்ல, அதனால திருகோணமலை பக்கம் நிலாவெளிக்கு மாத்திக்கிட்டோம், இந்த சீசன்ல அங்க கடல் அமைதி. எங்க இருந்தாலும் தண்ணி உள்ள இழுத்தா கரைய நோக்கி எதிர்நீச்சல் போட்டு சோர்ந்து போகாதீங்க, பக்கவாட்டுல நீந்தி அந்த இழுப்ப விட்டு வெளிய வந்துட்டு அப்புறம் கரைக்கு திரும்புங்க.

டெங்கு கொசு பகல்லதான் கடிக்கும், முழுக்கை சட்டை போடுங்க. ஊருக்கு வந்த மூணாம் நாள் எனக்கு காய்ச்சல், வலி மாத்திரை எடுக்கப் போனப்ப அம்மா தடுத்தாங்க. டெங்குவா இருந்தா ஐபுப்ரோஃபன், ஆஸ்பிரின் ரெண்டும் ரத்தக்கசிவ கூட்டிரும், பாராசிட்டமால் மட்டும் போட்டுட்டு உடனே டெஸ்ட் எடுங்க. எனக்கு நெகட்டிவ், இப்பதான் நிம்மதி.

இலங்கை மலை ரயில் கதவுல தொங்கி போட்டோ தயவுசெஞ்சு வேண்டாம், சுரங்கப்பாதை பக்கத்துல வந்தப்புறம்தான் தெரியும். அங்க ஆம்புலன்ஸ் 1990, போலீஸ் 119, போன்ல போட்டு வச்சுக்கோங்க.

லயத்து வாசல்ல அம்மா அரை மணி நேரம் பேசவே இல்ல. அடுத்த வருஷம் சித்தியையும் கூட்டிட்டு போகணும்.