ஜப்பான்ல இது புத்தர் கோயிலா ஷின்டோ கோயிலான்னு புரியாம நின்ன அனுபவம் உண்டா? பகிர்ந்துக்கோங்க

நான் நகோயா பக்கம் வேலைக்கு வந்து ஆறு வருஷமாச்சு. வந்த புதுசுல ஆபீஸ்ல ஒருத்தர் எனக்கு ஒரு ரூல் சொல்லிக் குடுத்தார், வாசல்ல டோரின்னு ஒரு வளைவு இருந்தா அது ஜப்பானோட சொந்த மதமான ஷின்டோவோட கோயில், ஜின்ஜான்னு சொல்வாங்க, அங்க ரெண்டு தடவ குனிஞ்சு, ரெண்டு தடவ கை தட்டி, மறுபடி ஒரு தடவ குனியணும், புத்தர் கோயில்னா தட்டக் கூடாது, சும்மா கும்பிட்டா போதும்னு. அத வச்சே எல்லா இடத்துக்கும் போயிட்டு வந்தேன், டொயோகாவா இனாரிங்கற கோயிலுக்குப் போற வரைக்கும்.

அங்க கல்லுல பெரிய டோரி நிக்குது. உள்ள ஒரு மேட்டுல நூத்துக்கணக்கான கல் நரிங்க, கழுத்துல சிவப்புத் துணியோட. இனாரின்னா நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உள்ள ஷின்டோ சாமி, நரி அதோட தூதுவர், அதனால சந்தேகமே படாம சன்னதில நின்னு பட்டு பட்டுன்னு ரெண்டு தட்டு தட்டிட்டேன். பக்கத்துல நின்ன பாட்டி ரொம்ப மெதுவா, "இது ஓதேரா (புத்தர் கோயில்), இங்க கை தட்ட வேண்டாம்"னு சொல்லிட்டு அவங்களே கும்பிட்டுக் காட்டினாங்க. அதே நேரம் உள்ள பிக்குங்க சூத்திரம் ஓத ஆரம்பிச்சாங்க, மேளம் அதிருது.

அது 1441-ல தொடங்கின, சோட்டோ ஜென்ங்கற பௌத்தப் பிரிவோட கோயிலாம், நிஜப் பேரு ம்யோகொன்ஜி. அங்க இருக்கறது தகினி ஷின்டென், வெள்ளை நரி மேல நெல்கதிரோட வர்ற தேவி. தகினின்னா டாகினி தாங்க, இந்தியால மயானத்துல திரியிற பயங்கர உருவம், தாந்திரிக பௌத்தத்தோட சீனா வழியா ஜப்பான் வந்து, அங்க நரியோட சேர்ந்து, கடைசில இனாரியோடயே ஒண்ணாயிட்டா. அன்னைல இருந்து எந்தக் கோயிலுக்குப் போனாலும் முதல்ல பக்கத்துல நிக்கறவங்க கையப் பாத்துட்டு தான் கும்பிடுறேன்.

*

நான் கல்யாணம் பண்ணி குன்மாவுக்கு வந்தவ. எங்க வீட்டுக்குள்ளயே ரெண்டும் இருக்கு. சுவத்துல உசரத்துல காமிதானா, அதாவது காமிங்கற ஷின்டோ சாமிக்கான சின்ன மாடம், அதுல இசே கோயில்ல இருந்து வந்த தாயத்து மாதிரி ஒரு ஓஃபுதா, அரிசி, உப்பு, தண்ணி. பக்கத்து ரூம்ல புட்சுதான்னு பௌத்த பூஜை அலமாரி, அதுக்குள்ள புத்தரும் முன்னோர் பேர் எழுதின பலகையும். மாமியார் காலைல காமிதானா முன்னாடி ரெண்டு தட்டு தட்டிட்டு, நாலடி நடந்து போயி புட்சுதான்ல ஊதுபத்தி ஏத்தி சின்ன மணிய ஒரு தட்டு தட்டுவாங்க. ஒகாசான் (அம்மா), இது ரெண்டு மதமில்லயான்னு ஒரு தடவ கேட்டேன். அவங்களுக்கு என் கேள்வியே புரியல. ரெண்டுமே வீடுன்னாங்க.

மாமனார் தவறினப்போ தான் எனக்கே விளங்குச்சு. அவர் போன அன்னைக்கே மாமியார் ஸ்டூல் போட்டு ஏறி வெள்ளைப் பேப்பர எடுத்து காமிதானா முகப்ப மூடி ஒட்டிட்டாங்க. சாவோட தீட்டு, அவங்க கெகரேன்னு சொல்றது, காமி மேல படக் கூடாது. ஆனா புட்சுதான் மூடல, அங்க தான் எல்லாமே நடந்துச்சு, பிக்கு வந்து ஓதினார், மாமனாருக்கு கைம்யோன்னு புதுப் பேர் வச்சார், 49 நாள் வரைக்கும் ஏழு நாளைக்கு ஒரு தடவ அவர நெனச்சு பூஜை. பிறந்த குழந்தைய எடுத்துட்டு போறது ஜின்ஜாவுக்கு, செத்தா வர்றது பிக்கு. இப்படி வேலைய பிரிச்சுக்கிட்டாங்க.

இன்னொண்ணு என் மனசுல நின்னது, சடங்குக்கு வந்தவங்க கைல ஒரு சின்ன பாக்கெட் உப்பும் குடுத்தோம். வீட்டு வாசப்படி தாண்டறதுக்கு முன்னாடி மேல தூவிக்கணும். பிக்கு நடத்தின சாவுச் சடங்கு, ஆனா சுத்தம் பண்றது ஷின்டோ உப்பு! (ஜோதோ ஷின்ஷுங்கற பௌத்தப் பிரிவுக்காரங்க மட்டும் இத ஏத்துக்கறதில்ல, சாவு தீட்டே இல்லன்றது அவங்க கொள்கை.) எங்க ஊர்லயும் சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா தலைக்குக் குளிக்காம உள்ள விட மாட்டாங்க, அந்த உப்பப் பாத்ததும் எங்கம்மா ஞாபகம் வந்து அழுதுட்டேன். 50 நாள் முடிஞ்சு பேப்பர பிச்சப்போ மாமியார் என்னையும் கூப்பிட்டு பக்கத்துல நிக்க வச்சு தட்டச் சொன்னாங்க.

*

கமகுரால ஜெனியராய் பென்டென் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? பென்டென், அதாவது பென்சைட்டென்னா சரஸ்வதி. அங்க உகாஜின்னு பாம்பு உடம்பும் மனுஷத் தலையுமா இருக்கற ஜப்பான் சாமியோட சேந்து இருக்கா. குகைக்குள்ள ஊத்துத் தண்ணில கூடைல காசு போட்டு கழுவறாங்க. இப்போ அது ஜின்ஜா தான், ஆனா உள்ள நுழைஞ்சதும் மெழுகுவத்தியும் ஊதுபத்தியும் வாங்கி ஏத்தறாங்க. சரஸ்வதி முதல்ல ஆறு தானே, தண்ணிகிட்டயே போயி சேந்துட்டான்னு எங்கம்மா சொன்னாங்க.

*

நாரால இருக்கேன், நானும் சொல்றேன். இங்க கோஃபுகுஜி புத்தர் கோயில், கசுகா தைஷா ஷின்டோ, ரெண்டுமே ஃபுஜிவாராங்கற பிரபு குடும்பத்துக் கோயில், பல நூறு வருஷமா ஒண்ணா தான் இருந்துச்சு. காமின்னா புத்தரோ போதிசத்துவரோ இந்த மண்ணுல எடுத்த உருவம்னு தான் அப்போ நம்பினாங்க. 1868-ல மெய்ஜி அரசாங்கம் ரெண்டையும் வெட்டிப் பிரிக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. கோஃபுகுஜி பிக்குங்க துறவு விட்டு கசுகாவுல ஷின்டோ பூசாரி ஆயிட்டாங்க, கோயில் ஆளில்லாம கெடந்துச்சு, மதில இடிச்சாங்க, நாடு முழுக்க எத்தனையோ சிலை, சூத்திரச் சுவடி எரிஞ்சே போச்சு. ஆயிரம் வருஷத்துக்கு மேல கலந்து வாழ்ந்தத ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டு பிரிச்சுட முடியும்னு நெனச்சாங்களேன்னு எனக்கு இன்னும் ஆறல.

ஆனா ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 2-ந்தேதி கோஃபுகுஜி பிக்குங்க கசுகாவுக்குப் போயி காமி முன்னாடி சூத்திரம் ஓதறாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி வெளிய குளிர்ல நின்னு கேட்டேன், சிவப்புத் தூணுக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. திரும்பி வரும்போது கோஃபுகுஜி வழியா வந்தேன், மதிலே இல்லாத அந்த வளாகத்துல கசுகா சாமியோட மானுங்க பகோடா (அடுக்குக் கோபுரம்) அடில படுத்து அசை போட்டுட்டு இருந்துச்சு.