குளம் தூர்வாரும் இடத்தில் வசனப் பலகை எதற்கு?

பனங்காடு (தொடங்கியவர்):
எங்கள் கிறிஸ்தவ சபையின் வாலிபர் சங்கத்தில் மூன்று வாரமாக ஒரே சண்டை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் பக்கம் சேறு அள்ளப் போயிருந்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது, தாமிரபரணிக் கரை ஊர்களின் கதி உங்களுக்கே தெரியும். அப்போது பழகிய கோயில் கமிட்டிக்காரர்களும் பள்ளிவாசல் பையன்களும் இப்போது ஊர்க் குளத்தைத் தூர்வார ஒரு குழு சேர்த்திருக்கிறார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். போகலாம், ஆனால் சபைப் பெயர் போட்ட பனியன், கரையில் பைபிள் வசனப் பலகை, டீயோடு இயேசுவைப் பற்றிய ஒரு கைப்பிரதி என்கிறது ஒரு கட்சி. மண்வெட்டி மட்டும் போதும் என்றேன். விசுவாசம் குறைந்துபோனவன் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்தர்மகன்:
தம்பி, வருத்தப்படாதீங்க, நானும் அந்தக் கட்சிதான். மண் அள்ளுவதற்குப் பஞ்சாயத்து இருக்கிறது, நூறு நாள் வேலை இருக்கிறது. நீங்கள் போய் அள்ளினால் அதில் கிறிஸ்து எங்கே தெரிகிறார்? நான் பன்னிரண்டு வருஷம் குடித்துச் சீரழிந்தவன். பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருத்தர் என் சட்டைப்பையில் திணித்துவிட்டுப் போன கைப்பிரதிதான் என்னைத் திருப்பியது. அவர் கூச்சப்பட்டிருந்தால் நான் இன்று இல்லை.

கரிசல்காரன்:
நான் இந்து, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீடே தண்ணீரில் கிடக்கும்போது, கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார்கள். ரயிலில் இருந்தவர்களிடம் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று யாராவது கேட்டார்களா? உங்களுக்கு மட்டும் ஏன் சோற்றோடு ஒரு சீட்டும் வேண்டியிருக்கிறது?

பனங்காடு:
அண்ணாச்சி, சீட்டு வேண்டாம் என்றுதானே நானும் சொல்கிறேன்!

கரிசல்காரன்:
சீட்டு இல்லாவிட்டாலும் நோக்கம் அதுதானே? சீட்டு கொடுப்பவனாவது வெளிப்படையாகச் செய்கிறான். நீங்கள் பழகிப் பழகிக் கொண்டுபோக நினைக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது.

செல்லக்கிளி:
நான் இரண்டையும் பார்த்தவள், சொல்லலாமா? வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் ஒரு குழு அரிசி கொண்டுவந்தது. பையில் வசன ஸ்டிக்கர். வரிசையில் நிற்கவைத்து முதலில் ஜெபம். ஈரப் புடவையோடு நின்றவர்களில் நான்தான் சத்தமாக ஆமென் சொன்னேன், சீக்கிரம் முடியட்டுமே என்று. அரிசி நல்ல அரிசி, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் ரெண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். ஒன்றும் கொண்டுவரவில்லை, விளக்குமாறும் வாளியும்தான். கட்டிலுக்கடியில் முழங்கால் போட்டுச் சேற்றை வழித்தார்கள். முருகன் படம் குப்புறக் கிடந்தது. ஒருத்தி எடுத்து, துப்பட்டா நுனியால் கண்ணாடியைத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு, "நேரா இருக்கா அக்கா?" என்று கேட்டாள். கழுத்தில் சிலுவைச் செயின். எந்தச் சபை என்று நான்தான் வாயைத் திறந்து கேட்டேன். என் மாமியார் இன்றைக்கும் அந்தப் பிள்ளையை விசாரிக்கிறார். நாங்கள் யாரும் மதம் மாறவில்லை.

எஸ்தர்மகன்:
அக்கா சொன்னதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விக்கிரகப் படத்தை மாட்டிக் கொடுப்பது கிறிஸ்துவுக்குச் சாட்சியா? ஆணியில் மாட்டும்போது அந்தப் பிள்ளையின் மனசாட்சி என்ன சொல்லியிருக்கும்?

செல்லக்கிளி:
அது என் வீட்டுப் படம், தம்பி. சேற்றில் கிடந்தது. அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

பனங்காடு:
இது இன்று முளைத்த கேள்வி இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, இன்றைய ஆந்திராவின் ஓங்கோலில் ஜான் கிளவ் என்று ஒரு அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். நம் சென்னை வழியாக வருகிறதே பக்கிங்காம் கால்வாய், அதில் ஒரு பகுதியை ஒப்பந்தம் எடுத்து, பட்டினியில் கிடந்தவர்களுக்கு வெட்டு வேலை கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுங்கள் என்று ஆயிரக்கணக்கில் வந்து கேட்டார்கள். நிவாரணம் நடக்கும்வரை ஒருவருக்கும் கிடையாது என்று ஒரு வருஷத்துக்கு மேல் நிறுத்திவைத்தார். சோற்றுக்காக வந்தான் என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காக.

கரிசல்காரன்:
பாதியை விட்டுவிட்டீர்களே. நிவாரணம் முடிந்ததும், 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம். உயிர் பிழைக்கவைத்தவரிடம் பட்ட கடன் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுமா? கஞ்சி நின்றாலும் நன்றி நிற்காது. 1977-இல், மதமாற்றத் தடைச் சட்டம் பற்றிய ஸ்டனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது: மதத்தைப் பரப்பலாம், இன்னொருவரை மாற்றுவது உரிமை ஆகாது.

ஓடைக்கரை:
நடுவில் புகுகிறேன். அந்த 2,222 பேரும் யார் என்று இருவருமே சொல்லவில்லை. பெரும்பாலோர் மாதிகா மக்கள், தோல் வேலை செய்தவர்கள், ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். பஞ்சத்துக்குப் பத்து வருஷம் முன்பே அவர்களில் ஒருவரான யெர்ரகுண்ட்ல பெரையா ஊர் ஊராகத் தன் சொந்தக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். கிளவ் கஞ்சி ஊற்றினார், அதனால் மாறினார்கள் என்றால் அந்த மக்களுக்கு வயிறு மட்டும்தான் இருந்தது, தலை இல்லை என்று ஆகிறது. கரிசல்காரன் சாரும் எஸ்தர்மகன் சாரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி பேசுகிறீர்கள். இருவருக்குமே வாங்குகிறவன் சும்மா வாங்குகிறவன்தான்.

கரிசல்காரன்:
தலை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரையா விஷயம் எனக்குப் புதுசு. படித்துவிட்டு வருகிறேன்.

எஸ்தர்மகன்:
பெரையா வாயைத் திறந்து பேசினார், கவனித்தீர்களா? நானும் அதைத்தான் கேட்கிறேன்.

பனங்காடு:
அண்ணாச்சி, பெரையா பேசியது சொந்தக்காரர்களிடம், கூடவே தோல் பதனிட்டவர்களிடம். யாரென்றே தெரியாதவனிடம் பலகை காட்டவில்லை. எங்கள் ஊர் அசனத்தில், அதாவது சபையின் பொது விருந்தில், கறி வெட்டும்போது கோயில் கமிட்டித் தலைவர் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். அவர் என்னிடம் ஏதாவது கேட்டால் மறைக்காமல் சொல்வேன். கேட்காதவரைக்கும் வெங்காயம்தான். கரிசல்காரன் அண்ணாச்சிக்கும் இதே பதில்: என் விசுவாசத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு குளத்தில் இறங்க எனக்குத் தெரியாது. அதை நோக்கம் என்று நீங்கள் சொன்னால், சரி, இருக்கட்டும்.

கரிசல்காரன்:
இது நேர்மையான பேச்சு. ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் நேர்மை. அப்புறம் ஒரு சந்தேகம், தூர்வாருவது எந்தக் கிழமை?

பனங்காடு:
ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பதரை வரை. மற்ற நாளில் யாருக்கும் லீவு இல்லை.

எஸ்தர்மகன்:
ஆராதனை நேரமாச்சே!

பனங்காடு:
அதைத்தான் எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் போய்க் கேட்டேன். பனியன் சண்டையை எல்லோரும் மறந்தாச்சு, இப்போது சங்கம் முழுக்க இந்தப் பேச்சுதான். ஆராதனையைச் சாயங்காலம் வைக்க முடியுமா என்று சபைக் கமிட்டியில் பேசிச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.