கடன் முடிந்தும் வில்லங்கத்தில் அடமானம் நிற்கிறதா? பார்த்ததை எழுதுங்கள்

பத்திர எழுத்தர், மதுரைப் பக்கம்:
அட்வான்ஸ் கைமாறிவிட்டது. வாங்குகிறவரின் வக்கீல் வில்லங்கச் சான்றைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் விரலை வைத்தார், எடுக்கவே இல்லை. 2017-ல் டாப்-அப் கடனுக்கு, அதாவது பழைய கடன்மேல் வாங்கிய கூடுதல் கடனுக்கு, எழுதிய எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான அடமான ஆவணம்). வீட்டுக்காரரிடம் என்ஓசி (கடன் பாக்கியில்லை என்ற வங்கிக் கடிதம்), அசல் கிரயப் பத்திரம், பதிந்த ரசீது (கடன் தீர்ந்து அடமானம் ரத்தானதைக் காட்டும் ஆவணம்) எல்லாம் இருக்கிறது. ஆனால் ரசீதில் முதல் கடனின் 2012 எம்ஓடி எண் மட்டும்தான். எம்ஓடி இரண்டென்றால் இரண்டின் ஆவண எண்ணும் ஆண்டும் ரசீதில் வர வேண்டும். அன்றைக்குக் கிரயம் நின்றுபோனது.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
எல்லோரையும் ரசீது, ரசீது என்று பயமுறுத்த வேண்டாம். எம்ஓடி பதியாமல் பத்திரத்தை மட்டும் ஒப்படைத்து வாங்கிய கடன்களும் உண்டு. அது வில்லங்கத்தில் ஏறியே இருக்காது. எதை ரத்து செய்வது? அங்கே பார்க்க வேண்டியது செர்சாய் (அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடு) பதிவு. கடன் தீர்ந்ததை வங்கி 30 நாளுக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும். விட்டுவிட்டால், அடுத்த வங்கி தேடும்போது சொத்து இன்னும் அடமானத்தில் இருப்பதாகவே காட்டும்.

பத்திர எழுத்தர், மதுரைப் பக்கம்:
சார், எம்ஓடி பதிந்தவர்களுக்குத்தான் சொல்கிறேன். என்ஓசி வெறும் கடிதம், வில்லங்கத்தில் ஏறாது. வங்கி அதிகாரி கையெழுத்துப் போட்ட ரசீது, எம்ஓடி பதிந்த சார்பதிவகத்தில் பதிவானால்தான் ஏறும். பதிந்த பிறகும் பழைய எம்ஓடி வரி அழியாது. கீழே ரசீது தனி வரியாக வரும். அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள்தான் அதிகம்.

வழக்குரைஞர், கோவை:
ஒரு வங்கிக் கிளையில் பார்த்தது. கடனை முடித்தவர் ஆவணக் கவரைப் பிரிக்கும் முன்பே "அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து. பிரித்தால் தாய்ப்பத்திரம் ஜெராக்ஸ்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். கடன் வாங்கியபோது கொடுத்த ஆவணப் பட்டியலைக் கையில் கொண்டுபோங்கள். எம்ஓடியிலும் அந்த விவரம் இருக்கும். அசலா, நகலா, எத்தனை பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒன்று குறைந்தாலும் அதைப் பெயர் சொல்லி "கிடைக்கவில்லை" என்று வங்கி நீட்டும் ஒப்புதல் தாளிலேயே எழுதிய பிறகு கையெழுத்து. கூட்டுக்கடன் என்றால் கடன்தாரர்கள் எல்லோரும் சேர்ந்து போங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் உத்தரவு, அந்த டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது: முழுத்தொகை கட்டிய 30 நாளுக்குள் அசல் ஆவணங்கள் வர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஆவணம் தொலைந்திருந்தால் வங்கிக்கு இன்னும் 30 நாள் உண்டு. அதாவது இழப்பீடு 60 நாளுக்குப் பிறகுதான் ஓடும். ஆனால் சான்றிட்ட நகல் வாங்கித் தர உதவுவதும் அதன் செலவும் வங்கியுடையது. இதை வாயால் கேட்காதீர்கள். கடன் முடிந்த தேதியைக் குறிப்பிட்டுக் கிளைக்கு எழுத்தில் கொடுத்து, முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். ஒம்புட்ஸ்மேனிடம் (ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்) போக நேர்ந்தால் அந்தத் தாள்தான் முதலில் வேண்டும்.