முதல் வாடிக்கையாளர்களைப் பிடித்தது எப்படி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வேலையில் இருந்துகொண்டே, சிறு நிறுவனங்கள் வரவேண்டிய பாக்கியைக் கணக்கு வைக்க ஒரு ஆப் தயார் செய்கிறேன். காட்டினால் எல்லோரும் "சூப்பர்" என்கிறார்கள். மாதக் கட்டணம் என்றதும் பேச்சு மாறிவிடுகிறது.

இணையத்தில் ஷூ விற்கும் ஸாப்போஸ் நிறுவனம் 1999-ல் தொடங்கியபோது கையில் சரக்கே கிடையாது. நிறுவனர் நிக் ஸ்வின்மர்ன் கடையில் இருந்த ஷூக்களைப் போட்டோ எடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்தபின் அதே கடையில் போய் வாங்கி அனுப்பினார். லாபத்துக்காக அல்ல, பார்க்காமலே ஷூவுக்குக் காசு கொடுப்பார்களா என்று தெரிந்துகொள்ளத்தான். வீடுகளைத் தங்குவதற்கு வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பியின் நிறுவனர்களும் 2009-ல் நியூயார்க்கில் வீடு வீடாகப் போய், தளத்தில் வாடகைக்கு இருந்த வீடுகளைப் போட்டோ எடுத்தவர்கள்.

இதெல்லாம் ஜெயித்தவர்கள் கதை. இப்படியே மெனக்கெட்டும் இழுத்து மூடியவர்கள் எழுதுவது அபூர்வம் (எழுதினால் அதைத்தான் முதலில் படிப்பேன்).

முதல் சிலருக்கு இலவசமாகக் கொடுத்தீர்களா, ஆரம்பத்திலேயே காசு வாங்கினீர்களா? இலவசமாக வந்தவர்கள் பிறகு கட்டணம் கட்டினார்களா? கையாலேயே செய்துகொடுத்த வேலையை எந்தக் கட்டத்தில் மென்பொருளுக்கு மாற்றினீர்கள்? தொழிலை மூடியவர்களும் தயங்காமல் சொல்லுங்கள், இன்பாக்ஸில் என்றாலும் சரி.