1964 தனுஷ்கோடி புயல்: பழைய செய்தித்தாள் கட்டுரைகள் கிடைக்கவில்லை, உதவி தேவை

கவிநிலவு
அவசரம். தனுஷ்கோடி புயல் பற்றி அந்தக் காலத்துச் செய்தித்தாள் கட்டுரைகள் வேண்டும். கல்லூரி டேட்டாபேஸில் தேடினால் ஒன்றுமே வரவில்லை. வெள்ளிக்கிழமை கைடிடம் காட்ட வேண்டும்.

பாம்பன்காரன்
எந்த டேட்டாபேஸ்? என்ன சொல் போட்டுத் தேடினீர்கள்? தமிழ்த் தாளா, ஆங்கிலத் தாளா?

மாணிக்கம்
வீட்டிலிருந்து திறந்திருப்பீர்கள், அதுதான் காரணம். வெளியிலிருந்து என்றால் நூலகப் பக்கம் வழியாக லாகின் செய்துதான் போக வேண்டும்.

சுடர்
ஒரே நாடு ஒரே சந்தா என்ற அரசுத் திட்டம் 2025 ஜனவரியில் வந்துவிட்டதே, அதில் பாருங்கள்.

ஆவணம் ராஜு
அது ஆய்விதழ்களுக்கான திட்டம். நாளிதழுக்கும் ஆய்விதழுக்கும் வேறுபாடு தெரியாமல் பதில் போட வேண்டாம். கேட்டவருக்கும் ஒன்று: தாளின் பெயர், தேதி, தேடிய சொல், இந்த மூன்றும் இல்லாமல் யாரும் உதவ முடியாது. முதல் செமஸ்டரிலேயே சொல்லித்தரும் விஷயம் இது.

கவிநிலவு
புரோக்வெஸ்ட். வளாகத்தில்தான் இருக்கிறேன். பழைய டைம்ஸ் ஆஃப் இந்தியா அதில் இருக்கிறது என்று நூலகர் சொன்னார். தனுஷ்கோடி, சைக்ளோன், தமிழ்நாடு, 1964 எல்லாம் ஆங்கிலத்தில் போட்டேன். பூஜ்யம்.

பாம்பன்காரன்
சரி, இப்போது புரிகிறது. முதலில் 'தமிழ்நாடு' என்பதை எடுத்துவிடுங்கள். மாநிலத்துக்கு அந்தப் பெயர் வந்தது 1969இல்; அன்றைய தாளில் மெட்ராஸ் என்றுதான் இருக்கும். 1964 என்பதையும் தேடல் கட்டத்தில் போடாதீர்கள். அந்த வாரத்துச் செய்தியில் ஆண்டை எதற்கு எழுதப் போகிறார்கள்? தேதிக் கட்டத்தில் 1964 டிசம்பர் 23 முதல் 1965 மார்ச் வரை கொடுங்கள். புயல் அடித்தது 22 நள்ளிரவில். தகவல் தொடர்பே அறுந்துபோனதால் 24, 25 தாள்களில்தான் விவரம் வரத் தொடங்கும்.

தனுஷ்கோடியை டி-க்குப் பிறகு ஹெச் போட்டும் போடாமலும் தேடுங்கள். ஸ்கேன் மங்கலாக இருந்தால் எழுத்து மாறியிருக்கும், அதனால் பாம்பன், ராமேஸ்வரம், பாசஞ்சர் (புயலில் சிக்கிய ரயில்) என்றும் தனித்தனியாகப் போடுங்கள். இடப்பக்கம் 'பியர் ரிவ்யூட்', அதாவது ஆய்விதழ்க் கட்டுரைகளை மட்டும் காட்டும் வடிகட்டி, டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் செய்தித்தாள் ஒன்றுகூட வராது.

தாள்வாசம்
பம்பாய்த் தாளை வைத்துக்கொண்டு தனுஷ்கோடி மீனவரைப் பற்றி எழுதுவதா? சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள், தினமணி, தினத்தந்தி பாருங்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கிறது.

மாணிக்கம்
வெள்ளிக்குள் சென்னைக்குப் போய் பைண்டு வால்யூம் புரட்டச் சொல்கிறீர்களா? கூகுள் நியூஸ் ஆர்க்கைவில் பழைய இந்தியன் எக்ஸ்பிரஸ் இலவசமாகவே கிடக்கிறது.

தாள்வாசம்
அதில் சொல் போட்டுத் தேடினால் சரியாக வராது, தேதி வாரியாகப் பக்கம் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் அது புரட்டுவது இல்லாமல் வேறென்ன? தமிழ்த் தாள் பார்க்காத ஆய்வு பாதி ஆய்வுதான், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆவணம் ராஜு
இரண்டும் பார்க்க வேண்டும். இதில் சண்டைக்கு இடமே இல்லை.

வல்வை மைந்தன்
அந்தப் புயல் இலங்கையில் எங்கள் பக்கமும் அடித்தது, மன்னாரையும் தாக்கியது. யாழ்ப்பாணத்து ஈழநாடு நாளிதழ் அப்போது வந்துகொண்டிருந்தது; 'நூலகம்' என்ற இணையத் தளத்தில் அந்த மாத இதழ்கள் ஏறியிருக்கின்றனவா பாருங்கோ. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசு உண்டு. தமிழ்த் தாள் பார்க்கச் சென்னைக்குத்தான் போக வேணும் என்றில்லை.

தாள்வாசம்
இது நல்ல வழி. நன்றி ஐயா.

கவிநிலவு
அந்த டிக்கை எடுத்து, மெட்ராஸ் என்று மாற்றியதும் வந்துவிட்டது. ரயில் பற்றிய செய்தியும் இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி. பிரிண்ட் எடுக்க ஓடுகிறேன்.

பாம்பன்காரன்
1965 தொடக்கத் தாள்களையும் விட்டுவிடாதீர்கள், பாம்பன் பாலத்தைச் சரிசெய்த வேலை அதில்தான் வரும். எந்த எழுத்துக்கூட்டலில் கிடைத்தது என்று எழுதுங்கள், அடுத்து தேடுகிறவர்களுக்கு உதவும்.